நாம் போகும் நாளும் அவர்கள் வரும் இரவும்

அன்புள்ள ஐயா,

ரோமானியர்கள் மே மாத இரவில் கறுப்பு அவரைக் கொட்டைகளை எறிந்து பேய் விரட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதே மக்கள் பிப்ரவரியில் கல்லறைக்குப் பூ கொண்டுபோனதாகவும் படித்தேன். செத்தவர்கள் மேல் அவர்களுக்கு இருந்தது பாசமா, பயமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டும்தான். யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

ஊருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமின் பழைய சட்டம். கல்லறைகள் ஊருக்கு வெளியே சாலையோரங்களில் இருந்தன. பிப்ரவரி 13 முதல் 21 வரை பேரென்டாலியா என்ற முன்னோர் வழிபாட்டு நாட்கள். கோயில்கள் மூடியிருக்கும், கல்யாணம் கிடையாது. குடும்பத்தார் கல்லறைக்குப் போவார்கள். மாலை சுற்றிய ஓடு, கொஞ்சம் தானியம், ஒரு சிட்டிகை உப்பு, மதுவில் ஊறிய ரொட்டி, உதிரி வயலட் பூ: கவிஞர் ஓவிட் சொல்லும் படையல் இவ்வளவே. ஆஸ்டியா துறைமுகத்தை அடுத்த ஈசோலா சாக்ராவில், உள்ளே இருப்பவருக்கு மது போய்ச்சேரக் குழாய் பதித்த கல்லறைகளே உண்டு.

மே 9, 11, 13 லெமூரியா என்ற சடங்கு நாட்கள். அன்று செத்தவர்கள் வீடு தேடி வருகிறார்கள். நள்ளிரவில் குடும்பத் தலைவர் வெறுங்காலோடு எழுந்து, கை கழுவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரையை எறிவார். ‘இதைக் கொடுத்து என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்கிறேன்’ என்று 9 முறை. திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வரும் ஆவி பொறுக்கிக்கொள்ளும். அப்புறம் வெண்கலத்தைத் தட்டி, ‘தந்தையரின் ஆவிகளே, வெளியே போங்கள்’ என்று மறுபடி 9 முறை.

தந்தையர் என்றுதான் கூப்பிடுகிறார். வெறுங்கையோடும் அனுப்பவில்லை. ‘பேய் விரட்டினார்கள்’ என்று நான் எழுதியது அவசரம். உங்கள் கடிதம் அதை உணர்த்தியது.

நீங்கள் கேட்காத ஒரு நாளையும் சொல்ல ஆசை. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். பேரென்டாலியா முடிந்த மறுநாள், பிப்ரவரி 22, கரிஸ்டியா. கல்லறையிலிருந்து திரும்பியவர்கள், மிச்சமிருக்கும் சொந்தங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உடன்பிறந்தவனுக்குத் துரோகம் செய்தவன், பெற்ற பிள்ளையிடம் கொடுமை காட்டும் தாய், அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறாரே என்று நினைக்கிற மகன், அம்மாவின் வயதைக் கணக்குப் போடுகிறவன் எல்லாரும் அன்று தள்ளி நிற்கட்டும் என்கிறார் ஓவிட். மற்றவர்கள் தூபம் போட்டு, ஒரு சின்னத் தட்டில் சாப்பாட்டை எடுத்து வீட்டுத் தெய்வங்களான லாரெஸுக்கு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள்.