மேல் பல்லை எடுத்தால் பார்வை போகுமா?
அம்மாவுக்கு மேல் கடைவாய்ப்பல் சொத்தை, பிடுங்கினால் கண் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் மூன்று மாதமாகக் கிராம்புத் தைலத்தில் ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். போகாதுங்க. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. 40 வயதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். பல்லை எடுக்க நேர்வதும் பலருக்கு அந்த வயதையொட்டித்தான். பழி பல் மேல் விழுந்துவிட்டது, பாவம்.

உண்மையில் அப்படியே விடுவதில்தான் ஆபத்து. மேல் பல்லில் சேரும் சீழ் அபூர்வமாகக் கண்ணைச் சுற்றிப் பரவக்கூடும். தைலத்தில் இருக்கும் யூஜெனால் வலியை மரத்துப்போக வைக்கும், சொத்தையை ஆற்றாது. எதிலும் கலக்காமல் தைலத்தை அப்படியே தடவினால் ஈறும் புண்ணாகும்.

ரூட் கேனல் செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், சர்க்கரை இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கன்னமோ கண்ணோரமோ வீங்கினால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.