வாகன வினா விடை: பழைய பக்கிக்கு எந்த டிஃப் விகிதம்?

கேள்வி: என்னிடம் 1970ஆம் ஆண்டு செவர்லே சி10 பக்கி (பின்னால் சரக்குத் தட்டுள்ள பிக்கப் வண்டி) இருக்கிறது. 350 வி8 எஞ்சின், டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 28 அங்குல டயர், 4.11 டிஃப் (பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலின் பல்விகிதம்). டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் செல்லும்போது என்3 சாலையில் எஞ்சின் அலறுகிறது. 3.08 பொருத்தச் சொல்கிறார்கள். பொருத்தலாமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.23 மீட்டர் உருள்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 895 முறை சுற்றும்போது, மூன்றாம் கியரில் எஞ்சின் அதைப் போல் 4.11 மடங்கு, அதாவது ஏறத்தாழ 3,680 முறை சுழல வேண்டியிருக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் கன்வெர்ட்டர் வழுக்குவதால் இது இன்னும் சற்றுக் கூடும். 3.08 பொருத்தினால் 2,760 ஆகக் குறையும் என்பது உண்மை.

ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சக்கரத்துக்குச் சேரும் இழுவிசையில் கால் பங்கு போய்விடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி வான் ரீனன் கணவாயை எட்டும்போது நீங்கள் 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பீர்கள். காற்று மெலிவதால் டர்போசார்ஜர் இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை அங்கே இழக்கிறது. சுமையுடன் ஏறினால் கியர்பாக்ஸ் இரண்டாம் கியருக்கு இறங்கிவிடும். அப்போது 100 கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் 3,490 சுற்றுகளைத் தொடும்.

பணத்தை முதலில் கியர்பாக்ஸில் போடுங்கள். நான்கு கியர் கொண்ட 700ஆர்4 கியர்பாக்ஸின் ஓவர்டிரைவ் (எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் நான்காம் கியர்) விகிதம் 0.70, டிஃப்பைத் தொடாமலே 120 கிலோமீட்டரில் எஞ்சின் 2,575 சுற்றுகளுக்கு இறங்கும், கன்வெர்ட்டரைப் பூட்டிவிடும் லாக்கப் இருப்பதால் வழுக்கலும் இராது. ஆனால் அதன் முதல் கியர் விகிதம் 3.06 என்பதால் 4.11 டிஃப்புடன் நகருக்குள் முதல் கியர் மிக விரைவில் தீர்ந்துவிடும். பேரிங் மாற்றுவதற்காக டிஃப்பை என்றாவது திறக்க நேர்ந்தால் அப்போது 3.73 பொருத்துங்கள், நெடுஞ்சாலையில் 2,340 சுற்றுகள் போதுமாகும், மேட்டில் இழுக்கவும் வலு இருக்கும். 700ஆர்4உடன் 3.73, இந்தப் பக்கிக்கு என் தேர்வு அதுவே. வாங்குமுன் உங்கள் டிஃப்பின் கேரியர் (உள்ளே பற்சக்கரத்தைத் தாங்கும் பகுதி) புதிய விகிதத்தை ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

700ஆர்4 பொருத்துபவரிடம் ஒன்றை வற்புறுத்துங்கள்: கார்புரேட்டரிலிருந்து வரும் டிவி கேபிள் (த்ராட்டில் வால்வ் கம்பி) சரியாக அமையாவிட்டால் கியர்பாக்ஸின் உள் எண்ணெய் அழுத்தம் குறைந்து கிளட்சுகள் விரைவில் கருகிவிடும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை நகர்த்தவும், கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்குச் செல்லும் தண்டான ப்ரொப்ஷாஃப்டின் நீளத்தைச் சரிபார்க்கவும் வேண்டியிருக்கும்.

ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டிலிருந்து இயங்குவதால், டிஃப் விகிதம் மாறும்போது அதன் சிறு பற்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் 3.08 பொருத்தியிருந்தால், நீங்கள் 120இல் செல்லும்போது முள் 90ஐத்தான் காட்டியிருக்கும்.