கம்பெனி சரக்கு

அன்புள்ள ஐயா,

போராட்டப் பாடல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிறபோக்கில் ‘கேர்ள்ஸ் ஜெனரேஷன்’ என்ற கொரியக் குழுவின் ‘இன்டு தி நியூ வேர்ல்டு’ பாட்டையும் சேர்த்துவிட்டீர்கள். அதைப் படித்ததிலிருந்து என் மகளைக் கையில் பிடிக்க முடியவில்லை. சரி என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது பெண்கள் ஒரே நேரத்தில் காலைத் தூக்குகிறார்கள். கம்பெனி பார்த்துப் பொறுக்கியெடுத்து, பழக்கி, பொட்டலம் கட்டி விற்ற சரக்கு. இதற்கும் போராட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைகளிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகளிடம் நல்ல பேர் வாங்குவது என் வீட்டிலேயே நடக்காத காரியம். அதை விடுங்கள்.

சரக்கு என்பது உண்மைதான். எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் என்ற கொரிய இசைக் கம்பெனி பல வருடம் பயிற்சி கொடுத்து 2007 ஆகஸ்டில் இறக்கிய குழு அது. இதுதான் அவர்களுடைய முதல் பாட்டு. ஊரையே புரட்டிப்போட்ட ஹிட் என்றால் 2009இல் வந்த ‘ஜீ’தான், கேபிஎஸ் தொலைக்காட்சியின் ‘மியூசிக் பேங்க்’ நிகழ்ச்சியில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. முதல் பாட்டின் கொரியத் தலைப்புக்கு ‘மீண்டும் சந்தித்த உலகம்’ என்று பொருள். அரசியல் மருந்துக்கும் இல்லை. காதல் பாட்டு என்றே கேட்டுவிட்டுப் போகலாம்.

2016 ஜூலையில் சியோலின் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு புதுக் கல்லூரி தொடங்க நிர்வாகம் திட்டம் போட்டது. பட்டத்தை விற்கப் பார்க்கிறார்கள் என்று மாணவிகள் தலைமைக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஜூலை 30 அன்று சுமார் 1,600 போலீஸார் வளாகத்துக்குள் வந்தார்கள். அப்போது கைபேசியில் எடுத்த காணொளி இருக்கிறது. கைகோத்து நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள், எதிரே போலீஸ். வாத்தியம் கிடையாது. சுதி சேரவில்லை, குரல் நடுங்குகிறது. பாடுவது நீங்கள் பார்த்த அதே பாட்டு.

ஏன் அந்தப் பாட்டு? கொரியாவில் போராட்டப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த மாணவிகள் வெளி அமைப்பு எதையும் கிட்டச் சேர்க்கவில்லை. பழைய போராட்டப் பாட்டைப் பாடினால் அந்த முத்திரை விழும். அதோடு, அது எத்தனை பேருக்கு மனப்பாடமாக இருக்கும்? 2007இல் பள்ளிக்கூடத்துச் சிறுமிகளாக இருந்தவர்கள் அவர்கள். கண்ணாடி முன் நின்று ஆடிப் பழகிய பாட்டு, பயத்தில் தானாக வாயில் வந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருந்ததற்குக் காரணம், கம்பெனி அதை அவ்வளவு நன்றாக விற்றிருந்ததுதான். உங்கள் குற்றச்சாட்டையே நான் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

நான்கே நாளில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, அக்டோபரில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். அதே வளாகத்தில் கிளறக் கிளற, அதிபர் பார்க் கியூன் ஹேயின் தோழியுடைய மகளுக்குச் சலுகை காட்டி இடம் கொடுத்த விவகாரமும் வெளியே வந்தது. 2017 மார்ச்சில் அதிபரும் பதவி இழந்தார்.

கொரியப் பாடகர் கிம் மின் கியின் ‘காலைப் பனி’ என்ற பாட்டும் போராட்டத்துக்காக எழுதியதில்லை. 1975இல் அரசாங்கம் தடை செய்தது, 1987 ஜனநாயகப் போராட்டத்தில் தெருவே பாடியது. அதைக் கம்பெனி சரக்கு என்று யாரும் சொல்வதில்லை. கிதார் வைத்துப் பாடினால் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது, காலைத் தூக்கி ஆடினால் போய்விடுகிறது.

அதிபர் பார்க் பதவி விலக வேண்டும் என்று 2016இல் ஜனங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கூடியபோது ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர், காற்றடித்தால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்றார். ஜனங்கள் பேட்டரி மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். 2024 டிசம்பரில் அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது, கச்சேரிகளில் ரசிகர்கள் ஆட்டுகிற விளக்குக் கோல்களையே எடுத்து வந்துவிட்டார்கள். குழுவுக்குக் குழு தனி வடிவம், தனி நிறம். டிசம்பர் 14 அன்று 204 ஓட்டில் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியதும் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒலித்தது அதே ‘இன்டு தி நியூ வேர்ல்டு’தான்.

உங்கள் மகளிடமும் அப்படி ஒரு கோல் இருக்கும் என்று நினைக்கிறேன். விலையை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.