விடியலில் நீலம், ஜீப்பை விட்டால் பச்சை: கார் ஷெட் சுவருக்கு எந்தச் சாம்பல்?

கேள்வி: உச்சிப்புளிக்கு வடக்கே, கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் எங்கள் வீடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டை ஒட்டி 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரத்தில் கார் ஷெட் கட்டினேன். செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு. பழைய சிவப்பு ஜீப் ஒன்றை வாங்கி விடுமுறை நாட்களில் நானே சீர்செய்து வருகிறேன். டச்சப் பெயின்ட் கலக்கும்போது நிறம் சரியாகத் தெரிய வேண்டுமானால் சுவர் நடுநிலையான சாம்பலாக இருக்க வேண்டும் என்று நண்பர் சொன்னார். வெள்ளை எமல்ஷனில் கறுப்பு ஸ்டெய்னர் ஊற்றிக் கலக்கி அடித்தேன். காலையில் நீலமாகத் தெரிகிறது. இரவில் ட்யூப் லைட் போட்டால் இன்னும் நீலம். ஜீப்பை உள்ளே விட்டால் சுவரில் பச்சை அடிக்கிறது. வாடைக்காலத்தில் அடிச்சுவர் திட்டுத்திட்டாகக் கறுக்கிறது. கப்பலுக்குள் வண்டியை நிறுத்தியிருக்கிறாய் என்று வீட்டில் கேலி. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். எந்தச் சாம்பலை வாங்க வேண்டும்? பேசாமல் சந்தன நிறம் அடித்துவிடலாம் என்கிறார் மனைவி.
உச்சிப்புளி வாசகர்

பதில்: படங்களைப் பார்த்தேன். ஒரே சுவர், மூன்று படம், மூன்று நிறம். சாம்பல் நிறத்துக்குக் கைபேசிப் படத்தைச் சாட்சிக்குக் கூப்பிடவே கூடாது. வெளிச்சத்தில் நீலம் அதிகம் என்று அதற்குத் தோன்றினால் நீலத்தைக் குறைக்கும், மஞ்சள் அதிகம் என்று தோன்றினால் மஞ்சளைக் குறைக்கும். நாம் தேடுவதே அந்தச் சின்ன நீலமும் மஞ்சளும்தான். அதை அது துடைத்துவிட்டுக் காட்டுகிறது. எனவே படங்களை ஒதுக்கிவிட்டு உங்கள் கடிதத்தை மட்டும் நம்பி எழுதுகிறேன். கடிதம் தெளிவாகவே இருக்கிறது.

முதலில் அந்த நீலம். வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் நடுநிலைச் சாம்பல் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வராது. கடையில் விற்கும் கறுப்பு ஸ்டெய்னர் பெரும்பாலும் கரித்தூள். அதை வெள்ளையில் கரைத்தால் ஈயத்தின் சாயல் வரும், மழைமேகத்தின் சாயல் வரும். அடுப்புச் சாம்பலின் சாயல் வராது. அடுப்புச் சாம்பலைக் கையில் அள்ளிப் பாருங்கள், அதில் மெல்லிய மஞ்சள் இருக்கும். புறாவின் முதுகில் இருக்கும் சாம்பலில் ஊதா இருக்கும். சாம்பல் என்று ஒரே பெயர் சொல்லி நாம் அழைப்பவை எல்லாவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு சாயல் ஒளிந்திருக்கிறது. மீதமிருக்கும் பெயின்டைத் திருத்த வேண்டுமானால், நீலத்துக்கு எதிர் நிறமான ஆரஞ்சுப் பக்கம் கொஞ்சம் இழுக்க வேண்டும்: மஞ்சள் ஆக்சைடு ஸ்டெய்னர் சில சொட்டு, அதோடு ரெட் ஆக்சைடு ஒரே ஒரு சொட்டு. மஞ்சளை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நீலத்தோடு சேர்ந்து பச்சையாகிவிடும். பிறகு ஜீப்பை வெளியே எடுத்தாலும் பச்சை போகாது.

அந்த ஜீப்புப் பச்சை சுவரில் இல்லை, உங்கள் கண்ணில் இருக்கிறது. பாரீசின் கோப்லேன் நெசவாலையில் சாயத்துறையைக் கவனித்துவந்த ஷெவ்ருல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்ததாம். அவர் சோதித்துப் பார்த்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடிய நீல நூலில் இருந்தது. ஒரு நிறத்தின் அருகே இன்னொரு நிறம் எப்படி மாறித் தெரியும் என்பதை அவர் விரிவாக எழுதி 1839-இல் வெளியிட்டார். சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பலை வைத்தால் கண் அதில் பச்சையைச் சேர்த்துப் பார்க்கும். ஜீப்பை ஒட்டிய இடத்தில் மட்டும் அதன் சிவப்பு சுவரில் விழுந்து லேசாகச் சிவக்கும். இதற்குப் பெயின்டில் மருந்து இல்லை. நிறம் கலக்கும் மேசையை ஜீப்புக்கு முதுகு காட்டிப் போடுங்கள், போதும்.

ட்யூப் லைட் விவகாரம் எளிது. நம் வீடுகளில் மாட்டும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் 6500 கெல்வின். நீலம் தூக்கலாக இருக்கும் வெளிச்சம். பொது வெளிச்சத்துக்கு 4000 கெல்வின் விளக்கை மாற்றுங்கள். பெயின்ட் கலக்கும் மேசைக்கு மேல் மட்டும், நிறங்காட்டும் குறியீடு (CRI) 90-க்கு மேல் என்று பெட்டியில் அச்சிட்ட பகல்வெளிச்ச விளக்கு ஒன்று இருக்கட்டும். கடைசித் தீர்ப்பு எப்போதும் வாசலில் நிழலில் வைத்துத்தான். பெயின்டை மாற்றுவதற்கு முன் விளக்கை மாற்றிப் பாருங்கள். பாதி நீலம் அதிலேயே போய்விடலாம்.

இனி அடிச்சுவருக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. நம் கரையில் சாம்பலைத் தேர்ந்தெடுப்பது ஷேட் கார்டு இல்லை, உப்பு.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அடுப்படியில் உப்புச் சாடி வாடைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் சுவருக்குள்ளும் அதே உப்புதான் இருக்கிறது: பூச்சு குழைத்த கிணற்றுத் தண்ணீரிலிருந்து வந்தது, மணலிலிருந்து வந்தது, தரையிலிருந்து செங்கல் வழியாக ஏறியது. இரவில் ஈரம் ஏறியதும் அந்த இடம் நனைந்து கறுக்கும். வெயில் வந்ததும் காய்ந்து வெளுக்கும், காயும்போது உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சாம்பலைத் தேர்ந்தாலும் அடிச்சுவரின் அந்த மூன்றடியில் மாலைக்கு ஒரு நிறம், விடியலுக்கு ஒரு நிறம். கடற்காற்று இங்கே எவ்வளவு கொடியது என்பதற்கு, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களைக் காற்றில் காயவைத்து அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதே போதும். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.

சோதனை ஒன்று. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை அடிச்சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாள் உலர்ந்து, சுற்றியுள்ள சுவர் கறுத்திருந்தால் உப்பு காற்றிலிருந்து இழுக்கிறது. முதலாவது என்றால், வெளியே சுவரோரம் மழைத்தண்ணீர் தேங்காமல் வழிசெய்யாமல் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

எது என்றாலும், அடி மூன்றடியில் இருக்கும் எமல்ஷனைச் சுரண்டி எடுங்கள். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பெருக்கி அள்ளி வெளியே கொட்டுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். பூச்சு கையோடு உதிர்ந்தால் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் குழைத்துப் புதிதாகப் பூசி 28 நாள் விடுங்கள். நல்ல தண்ணீர் குடம் என்ன விலை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் இதற்கு வாங்குங்கள்.

அந்த மூன்றடிக்கு என்ன அடிப்பது? ஈரம் ஏறாமல் எனாமல் அடியுங்கள், டைல்ஸ் ஒட்டுங்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். மூச்சுவிட வழியில்லாமல் அடைத்தால் உப்பு நான்காவது அடிக்கு ஏறும், அல்லது எனாமலை உரித்துக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்துக்குச் சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் கொஞ்சம் கரித்தூள், கையில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் வச்சிரப் பசை. ஈரமாக இருக்கும்போது தெரிவதைவிடக் காய்ந்ததும் பல மடங்கு வெளுக்கும், அதனால் ஓர் ஓரத்தில் அடித்து மறுநாள் பார்த்துக் கரியைக் கூட்டுங்கள். ஒன்றிரண்டு ஆண்டில் உதிரத்தான் செய்யும். உதிரட்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இதையும் சேர்த்து அடித்துவிடலாம். அரை நாள் வேலை, சொற்பச் செலவு. கண் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் நிறம் பார்க்க இது இடைஞ்சல் செய்யாது.

இப்போது மேலே உள்ள ஏழடி. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி? மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் வகுத்த அளவில் முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10. கண்ணுக்கு நட்டநடுவாகத் தெரியும் 5-ஆம் எண் சாம்பல், தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதத்தைத்தான் திருப்பித் தருகிறது. அதைச் சுவர் முழுக்க அடித்தால் ஷெட் குகையாகிவிடும். 7-ஆம் எண் சுமார் 43 சதவீதம், 8-ஆம் எண் சுமார் 59. இந்த இரண்டுக்கும் நடுவில் தேடுங்கள். பெயின்ட் நிறுவனங்கள் பலவும் ஒவ்வொரு ஷேடுக்கும் ஒளி திருப்பும் மதிப்பு (LRV) என்று ஓர் எண் கொடுக்கின்றன. அது 50 முதல் 55 வரை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இதைவிட அடர்த்தியானால் உப்புப் பூத்தது பொரிப்பொரியாகத் தெரியும். இதைவிட வெளிறினால் மணலும் டயர்க் கறையும் தெரியும், ஆணியிலிருந்து துரு வழிந்தால் ரத்தம் வழிந்தது போலத் தெரியும். ஆணியும் கொக்கியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே அடியுங்கள்.

ஷேட் கார்டில் ஒரு தந்திரம் உண்டு. வெளிர்ச் சாம்பலைப் பார்த்து அதன் அடிச்சாயலைக் கண்டுபிடிப்பது கடினம். அதே வரிசையில் கடைசியில் இருக்கும் அடர்த்தியான கட்டத்தைப் பாருங்கள். அது நீலமா, பச்சையா, ஊதாவா என்று பட்டென்று தெரியும். மேலே இருக்கும் வெளிர்ச் சாம்பலிலும் பெரும்பாலும் அதுதான் ஒளிந்திருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேகம், முத்து, பனி என்றெல்லாம் அழகாக வைத்திருப்பார்கள்.

தேர்ந்த ஷேடில் ஒரு லிட்டர் மட்டும் மெஷினில் கலக்கி வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து ஓர் இரவு காயவிடுங்கள். சுற்றிலும் உங்கள் பழைய நீலச்சாம்பல் தெரியாமல் பெரிய வெள்ளைத் தாளைப் பின்னால் வையுங்கள். ராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் யாராவது தெரிந்தவரிடம், புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டையை ஒரு நாள் கடன் வாங்கி அருகில் வைத்துப் பாருங்கள். அது உங்கள் சுவரைவிட அடர்த்தியாக இருக்கும், கவலை வேண்டாம். சாயலை மட்டும் ஒப்பிடுங்கள். பெயின்ட் அடித்த அட்டையைக் காலையிலும் உச்சியிலும் இரவிலும் பார்க்க வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும்போது வாசல் மரத்தின் பச்சை உள்ளே எட்டிப் பார்க்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றடிக்கு மேல், ஷட்டரைக் கழித்தால், சுமார் 400 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர் டின் இரண்டு போதும். வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷனையே உள்ளேயும் அடியுங்கள், பளபளப்பு இல்லாத மேட் ரகம். இரண்டு டின்னையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலந்த பிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும். ஒரே எண் கொடுத்துக் கலக்கினாலும் டின்னுக்கு டின் மயிரிழை வித்தியாசம் வரும், சாம்பலில் அது காட்டிக்கொடுத்துவிடும். கூரையின் உட்புறம் வெள்ளையாகவே இருக்கட்டும்.

எப்போது அடிப்பது என்பதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பெயின்டிங் வேலை எடுத்துச் செய்த காலத்தில், தென்கடல் பக்கம் ஒரு ஷெட்டுக்குக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதத்தில் வேலையை ஒப்புக்கொண்டேன். மாலையில் இரண்டாவது கோட் அடித்துவிட்டு வந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க மணல், உப்புத்தாள் ஒட்டியது போல. சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி தேய்த்து அடித்தேன். உங்களுடையது வடகடல், பெண் கடல் என்பார்கள். கச்சானில் அது சாதுதான். ஆனால் வாடை உங்கள் வாசலுக்கு நேராக வரும். மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். பனி உலர்ந்த பிறகு தொடங்கி மாலை மூன்று மணிக்குள் முடித்து ஷட்டரை இறக்கிவிடுங்கள். சுரண்டாத மேல்சுவரையும் அடிப்பதற்கு முன்தினம் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுவது அவசியம். காற்று கொண்டுவந்த உப்பின் மேல் அடித்த பெயின்ட், உப்போடு சேர்ந்து உரியும்.

ஷட்டருக்கும் ஜன்னல் கம்பிக்கும் எனாமல். துருவைச் சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு முதல் கோட். இந்தியத் தர நிறப் பட்டியலில் 631 என்று கேட்டால் லைட் கிரே கொடுப்பார்கள். 632 அதைவிட அடர்த்தி. அதன் பெயர் டார்க் அட்மிரால்டி கிரே, அதாவது கடற்படைச் சாம்பல். வீட்டில் செய்யும் கேலியை நிரந்தரமாக்க விருப்பமிருந்தால் 632 வாங்கலாம்.

சந்தன நிறம் பற்றி. வண்டி நிறுத்த மட்டும் என்றால் உங்கள் மனைவி சொல்வது முழுக்கச் சரி. மணலும் உப்பும் சந்தனத்தில் தெரியவே தெரியாது. ஆனால் சந்தனச் சுவருக்குள் நின்று சிவப்பைக் கலக்கினால், வெளியே வந்ததும் டச்சப் செய்த இடம் தனியாகத் தெரியும். அதனால் உள்ளே சாம்பல், வெளிச்சுவருக்குச் சந்தனம் என்று பேசிப் பாருங்கள். ஷட்டரை இறக்கிவிட்டால் தெருவுக்குத் தெரிவது அவர் தேர்ந்த நிறம்தான்.