முதல் காஸ்பிளே உடை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, காஸ்பிளே செய்ய, அதாவது பிடித்த கதாபாத்திரம் போல உடை அணிய, ஆசை. ஆனால் எனக்குத் தையல் தெரியாது. கவசம் போட்ட கதாபாத்திரம்தான் பிடித்திருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: கவசத்திலேயே தொடங்குங்கள். முதலில் வேண்டியது ஃபோம் இல்லை, உங்கள் உடம்புக்கான பேட்டர்ன், அதாவது வெட்டுவதற்கான அளவு வடிவம். பழைய பனியன் ஒன்றைப் போட்டு, மேலே கிளிங் ஃபிலிமை (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) தளர்வாகச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்ட யாரையாவது உதவச் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்ற வேண்டாம். மார்க்கரால் கவசத்தின் கோடுகளை வரைந்து, வெட்டப்போகும் கோடுகளின் குறுக்கே சின்னச் சின்னக் கீறல்கள் போடுங்கள். பிறகு துண்டுகளைச் சேர்க்கும்போது அவைதான் வழிகாட்டும். வெட்டி எடுத்ததைத் தரையில் விரித்தால் சில இடங்கள் படியாமல் தூக்கி நிற்கும். அங்கே ஒரு வெட்டு போடுங்கள்; உடம்பின் வளைவு அங்கேதான் இருக்கிறது. பாதியை மட்டும் காகிதத்துக்கு மாற்றினால் போதும், மறுபாதிக்குத் திருப்பி வைக்கலாம். அட்டையில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, அப்புறம் கவசத்துக்கான 5 மி.மீ. இவா ஃபோமை (மெத்தென்று வளையும் தாள்) வெட்டுங்கள்.

ஒட்டுவதற்குக் கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுச் சேர்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாதாரணத் தூசி மாஸ்க் அதன் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கான வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

கேள்வி: ஹாட் குளூ (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை) போதாதா?

பதில்: சின்ன அலங்காரங்களுக்குப் போதும். வெயிலில் நின்றால் இளகி, மூட்டு விட்டுவிடும்.

கேள்வி: கவசத்தில் அடித்த பெயின்ட்டில் வெடிப்பு விழுகிறது.

பதில்: ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) ஃபோமின் மேற்பரப்பைச் சூடாக்கினீர்களா? லேசாகப் பளபளத்தால் துளைகள் மூடிவிட்டன என்று அர்த்தம். வளைப்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள். பிறகு வளையக்கூடிய பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் பூசுவது), அதன்மேல் மெல்லிய அடுக்குகளாக அக்ரிலிக்.

கேள்வி: சூப்பர் குளூ?

பதில்: காய்ந்தால் விறைத்துவிடும், வளையும் இடத்தில் உடையும். கான்டாக்ட் சிமென்ட்தான். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கேள்வி: முப்பரிமாண பிரிண்டரில் எடுத்ததை 'நானே செய்தேன்' என்று சொல்வது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. பிரிண்டரிலிருந்து வருவது வரிவரியாக இருக்கும். அதைத் தேய்த்து, ஃபில்லர் பூசி, மறுபடி தேய்த்துப் பார்த்தவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

கேள்வி: அப்படியானால் வாங்கிப் போடுவதும் காஸ்பிளேதானா?

பதில்: ஆமாம். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன் எதிர்கால மனிதர் உடையில் வந்தார். அதைச் செய்தவர் உடன் வந்த மிர்டில் டக்ளஸ். அணிந்தவரும் காஸ்பிளேயர், செய்தவரும் காஸ்பிளேயர். ஆனால் அன்று உழைத்த மிர்டிலின் பெயரை விட்டுவிட்டுப் பேசுகிறார்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது. போட்டியில், பிரின்ட் எடுத்தது யாருடைய வடிவமைப்புக் கோப்பு, எது கையால் செய்தது என்று சொல்லிவிடுங்கள். பிரிண்டரில் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே இளகும். வெயிலில் மூடிய காரில் வைக்காதீர்கள்.

கேள்வி: விக்கை அயர்ன் செய்யலாமா?

பதில்: சூடு தாங்கும் இழை என்று உறையில் போட்டிருந்தால் மட்டும்.

கேள்வி: கலர் லென்ஸ்?

பதில்: கண் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எந்தப் பசை நல்லது?

பதில்: மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள். ஜன்னல் விஷயத்தையும் சேர்த்து.

கேள்வி: ஐந்து நாளில் முழுக் கவசம் முடியுமா?

பதில்: முதல் முறை என்றால் முடியாது. முன்கைக் கவசம் இரண்டை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். மிச்சத்துக்கு வீட்டில் இருக்கும் துணி போதும்.