ஒரு ராக் பேண்ட் காலம் கடந்து நிற்க என்ன வேண்டும்?

கேள்வி இதுதான்: ஒரு பாப் அல்லது ராக் இசைக்குழுவை உண்மையிலேயே பெரிய குழுவாக ஆக்குவது எது, சில குழுக்கள் மட்டும் ஏன் நிலைக்கின்றன?

நல்ல குரல், கைதேர்ந்த கிட்டார், மேடையில் ஒரு கவர்ச்சி. எல்லாம் வேண்டும்தான். ஆனால் இதெல்லாம் இருந்தும் நாலைந்து வருடத்தில் சிதறிப்போன குழுக்கள் ஏராளம். என்னைக் கேட்டால், கேசட் அட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள் என்பேன். ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் எழுதியவர் பெயர் இருக்குமே, அதை.

கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் ஒரு பேண்ட் வைத்திருந்தோம். ஆயுள் எட்டு மாதம். சொந்தமாகப் போட்டது ஒரே ஒரு பாட்டு. அது யாருடையது என்ற சண்டையிலேயே கலைந்தோம். மெட்டு என்னுடையதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். (பேஸ் கிட்டார் வாசித்தவன் இதைப் படித்தால் மறுபடி ஆரம்பிப்பான்.) அதனால்தானோ என்னவோ, எனக்கு குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழு மேல் அப்படி ஒரு பிரமிப்பு.

குவீன் என்றாலே ஃப்ரெடி மெர்குரிதான் நினைவுக்கு வருவார். சான்சிபாரில் பிறந்து நம்ம பஞ்ச்கனியில் பள்ளி படித்த பார்சிப் பையன். அந்தக் குரலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு பேருமே உலகம் பாடிய பாட்டு எழுதியவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 'போஹிமியன் ராப்சடி' ஃப்ரெடியுடையது. 'ரேடியோ கா கா' டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லருடையது. 1980இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' ஜான் டீக்கன் எழுதியது. 1971இல் கடைசியாக வந்து சேர்ந்த பேஸ்காரர், நால்வரில் இளையவர், அதிகம் பேசாதவர்.

'வீ வில் ராக் யூ' கிட்டார்காரர் பிரையன் மே எழுதியது. 1977இல் இங்கிலாந்தில் ஸ்டாஃபர்டில் ஒரு கச்சேரி. முடித்துவிட்டு இவர்கள் உள்ளே போன பிறகும் கூட்டம் கலையாமல் தானாகவே பாடிக்கொண்டிருந்ததாம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தால் வேறு என்ன செய்ய முடியும் என்று மே யோசித்திருக்கிறார். காலால் உதைக்கலாம், கை தட்டலாம், பாடலாம். அவ்வளவுதான் பாட்டு. லண்டனில் பழைய தேவாலயக் கட்டடத்தில் இருந்த ஒரு ஸ்டுடியோவில், பலகைகள் மேல் நின்று உதைத்து உதைத்துப் பதிவு செய்தார்கள். மே இயற்பியல் படித்தவர். அந்த ஒலியைப் பல மடங்காக்கி, ஒவ்வொன்றையும் ஒரு நூல் தாமதமாக விட்டார். தாமதங்களுக்கு இடையே பகா எண் கணக்கு. அதனால் அது எதிரொலி மாதிரி கேட்காமல், ஆயிரம் பேர் வெவ்வேறு தூரத்தில் நிற்பது மாதிரி கேட்கிறது. நம்ம ஊர் வகுப்பறையில் பெஞ்சில் இரண்டு குத்து, ஒரு கைதட்டு என்று போடுகிற பையனுக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. பாட்டில் டிரம்ஸே கிடையாது. எழுதியவர் கிட்டார்காரர், ஆனால் தன் கிட்டாரையே பாட்டு முடியும்போதுதான் உள்ளே விட்டார். பாட்டுக்கு என்ன வேண்டுமோ அது மட்டும். எங்கள் பேண்டில் நான் ஒரு கிட்டார் சோலோ இல்லாமல் ஒரு பாட்டை விட்டிருப்பேனா? சான்ஸே இல்லை.

இவர்களும் சண்டை போடாத உத்தமர்கள் இல்லை. 'போஹிமியன் ராப்சடி' இசைத்தட்டின் மறுபக்கத்தில் ரோஜரின் பாட்டு ஒன்று இருந்தது. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பணம். யாரும் கேட்காத பக்கத்துக்கும்தான்! அந்த மனத்தாங்கல் பல வருடம் ஓடியது. 1989இல் 'தி மிராக்கிள்' ஆல்பம் வந்தபோதுதான் தீர்த்தார்கள்: யார் எழுதினாலும் பெயர் 'குவீன்', பணம் நாலு பங்கு. அட்டையில் நான்கு முகத்தையும் ஒன்றாக ஒட்டிவைத்திருப்பார்கள், பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

சரி, பெயரைப் பகிர்ந்தால் போதுமா? போதாது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்கக் குழு 1969 ஒரே வருடத்தில் மூன்று ஆல்பம் போட்டது. கிட்டத்தட்ட எல்லாமே ஜான் ஃபோகர்ட்டி என்ற ஒருவர் எழுதியது. புழுக்கம் தாங்காமல் அவர் அண்ணன் டாம் 1971இல் விலகினார். அப்புறம் ஜானைத் தவிர மிச்சமிருந்த இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிப் பாட, 1972இல் வந்த ஆல்பத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதே வருடம் குழு கலைந்தது. 1993இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற இசை அமைப்பு மரியாதை செய்த மேடையில்கூட ஜான் பழைய கூட்டாளிகளோடு வாசிக்க மறுத்துவிட்டார். பாட்டுகள் இன்னும் அருமை. ஆனால் அதை ஒரு பேண்ட் என்பதைவிட ஒரு ஆளும் அவருக்குப் பின்னால் மூன்று பேரும் என்றுதான் சொல்வேன். பங்கு கொடுப்பது ஒன்று, பங்குக்கு ஏற்ற சரக்கு நாலு பேரிடமும் இருப்பது இன்னொன்று.

குவீனுக்கு இரண்டும் அமைந்தது. ஃப்ரெடி 1991 நவம்பரில் இறந்துவிட்டார். டீக்கன் 1997க்குப் பிறகு மேடை பக்கமே வரவில்லை. மேயும் ரோஜரும் ஆடம் லாம்பர்ட்டைப் பாடவைத்துக் கச்சேரி செய்திருக்கிறார்கள். ஆனால் பணம், கணக்கு என்று வந்தால் இப்போதும் டீக்கனைக் கேட்காமல் செய்வதில்லை என்று மே சொல்லியிருக்கிறார்.