பாடப்புத்தகம் வராத பாடத்திட்டம்

இங்கிலாந்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர், அந்நாட்டின் தேசியப் பாடத்திட்டம் பற்றிக் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: ஜனவரியில் சென்னையிலிருந்து வந்தோம். மூன்றாம் வகுப்பில் இருந்த மகனை இயர் 4-இல் உட்கார வைத்துவிட்டார்கள். பாடப்புத்தகம் என்று ஒன்றுமே தரவில்லை. எதைப் பார்த்து வீட்டில் சொல்லிக்கொடுப்பது?
*ஹாரோ வாசகி*

வகுப்பை வயதுதான் முடிவு செய்கிறது. கல்வியாண்டு தொடங்குமுன் ஆகஸ்ட் 31 அன்று எத்தனை வயது நிறைந்திருந்ததோ, அதில் 4-ஐக் கழியுங்கள். 8 நிறைந்த பிள்ளை இயர் 4. முந்தைய வகுப்பை முடித்தானா என்று பார்ப்பதில்லை.

புத்தகம் வராததற்குக் காரணம், அரசு அதை வெளியிடுவதே இல்லை. 1988-இல் வந்த கல்விச் சட்டத்தோடு தேசியப் பாடத்திட்டம் பிறந்தது. இன்று நடப்பில் உள்ள வடிவம் 2013-இல் வெளியாகி 2014 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. எந்தக் கட்டத்துக்குள் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். எந்த நூலைக் கொண்டு, எந்த முறையில் என்பது பள்ளியின் பாடு. இந்தக் கட்டங்களுக்குப் பெயர் 'கீ ஸ்டேஜ்'. இயர் 1, 2 சேர்ந்தது முதலாவது. 3 முதல் 6 வரை இரண்டாவது. 7 முதல் 9 வரை மூன்றாவது. 10, 11 நான்காவது.

தொடக்கப் பள்ளிக் கணக்கில் ஆண்டுவாரியாக விவரம் உண்டு. வரலாற்றில் அப்படி இல்லை. ரோமானியர், வைக்கிங்குகள், பண்டைய கிரேக்கம் எல்லாம் இரண்டாவது கட்டத்தின் நான்கு ஆண்டுகளுக்குள் முடிந்தால் போதும். அதனால் நடுவில் பள்ளி மாறும் பிள்ளை ரோமானியரை இரண்டு முறை படித்து, வைக்கிங்குகளைப் படிக்காமலே போகலாம். புதிய பள்ளியின் இணையதளத்தில் ஒவ்வோர் ஆண்டுக்குமான பாடத்திட்டம் இருக்கும். அதைப் பழைய பள்ளியினுடையதோடு ஒப்பிட்டு, விடுபட்டதை ஆசிரியரிடம் கேளுங்கள். உங்களுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

கேள்வி: மகள் இயர் 1. ஜூனில் ஃபோனிக்ஸ் (எழுத்தொலி) சோதனை என்கிறார்கள். ஏ, பி, சி கடகடவென்று சொல்வாள். போதாதா?
*ஈஸ்ட் ஹாம் வாசகர்*

போதாது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'பீ, ஐ, என்' என்று எத்தனை முறை சொன்னாலும் 'பின்' வராது. ப், இ, ன் என்று சொன்னால் வந்துவிடும். உயிர்மெய் படித்த நமக்கு இது பழகிய கணக்கு. ஆனாலும் வீட்டில் சொல்லித்தரும்போது பலர் 'பு, இ, னு' என்று மெய்க்கு ஒரு உகரத்தை ஒட்டிவிடுகிறார்கள். பிள்ளை அதைச் சேர்த்துப் படிக்க முடியாமல் திணறுகிறது. புள்ளி வைத்த மெய்யாகவே ஒலியுங்கள்.

இன்னொன்று: 'பல்'லில் வரும் ப வேறு ஒலி, 'கம்பு'வில் வரும் ப வேறு ஒலி. தமிழுக்கு ஓர் எழுத்து போதும். ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி எழுத்துகள் (p, b). இந்த இரண்டு சொற்களையே சொல்லிக்காட்டி வித்தியாசத்தைக் கேட்கவையுங்கள்.

சோதனையில் ஆசிரியரிடம் தனியாக 40 சொற்களைப் படித்துக்காட்ட வேண்டும். அதில் 20 பொருளற்றவை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்: 'ஸ்ட்ரோம்' என்று இருப்பதைத் தெரிந்த சொல்லாக்கி 'ஸ்டோர்ம்' என்று படித்துவிடுவார்கள். பொருள் தேடாமல் இருப்பதை இருக்கிறபடியே படிக்கப் பழக்குங்கள். எட்டவேண்டிய மதிப்பெண் அண்மை ஆண்டுகளில் 32. எட்டாவிட்டால் கூடுதல் உதவி தந்து, இயர் 2-இல் மறுபடி பார்ப்பார்கள்.

கேள்வி: மகனுக்கு வாய்ப்பாடு மனப்பாடம். பள்ளிக் கணினித் தேர்வில் மட்டும் பாதிதான் சரி. ஏன்?
*குராய்டன் வாசகி*

இயர் 4 பிள்ளைகளுக்கு ஜூனில் நடக்கும் தேர்வு அது. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 வினாடி, இடையில் 3 வினாடி ஓய்வு. 7 × 8 என்று வந்ததும் உங்கள் மகன் 'ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு' என்று அடியிலிருந்து ஏறிக்கொண்டிருப்பான். ஏழெட்டுக்கு வருவதற்குள் நேரம் போய்விடும். ராகத்தை விட்டு, அங்கொன்று இங்கொன்றாகக் கேளுங்கள். 6, 7, 8, 9, 12 ஆகியவை அதிகம் வரும். எண்களைத் தட்டவும் பழக வேண்டும். இதில் தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. ஆனால் இயர் 5 கணக்கு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

கேள்வி: இயர் 6 சாட்ஸ் தேர்வில் (தொடக்கப் பள்ளி முடிவில் நடக்கும் தேசியத் தேர்வு) எந்த வழியில் போட்டாலும் விடை வந்தால் சரிதானே?
*லெஸ்டர் வாசகர்*

விடை சரியாக இருந்தால் சரி. விடை தவறினால்தான் வழி முக்கியமாகிறது. முதல் கணக்குத் தாளில் (30 நிமிடம், 40 மதிப்பெண்) நீள் பெருக்கலுக்கும் நீள் வகுத்தலுக்கும் 2 மதிப்பெண். 47 × 36 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் 282, அடுத்த வரியில் 1410, கூட்டினால் 1692. கூட்டலில் மட்டும் பிசகினால் 1 மதிப்பெண் கிடைக்கும். இரண்டாவது வரியின் பூஜ்யத்தை மறந்து 141 என்று எழுதினால் ஒன்றும் கிடையாது, அது இடமதிப்புப் பிழை. கட்டம் போட்டுப் பெருக்கி விடை தவறினாலும் ஒன்றும் கிடையாது. ஊரில் நாம் அந்த இடத்தைக் காலியாக விட்டோ பெருக்கல் குறி போட்டோ எழுதிப் பழகியவர்கள்; பிள்ளையிடம் முதலில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண்கள் 80 முதல் 120 வரையான அளவுக்கு மாற்றப்படும். 100 எதிர்பார்க்கும் நிலை. மேல்நிலைப் பள்ளி இடம் மார்ச்சிலேயே தெரிந்துவிடும், சாட்ஸ் மே மாதம். ஆகவே இதை வைத்து இடம் பறிபோகாது. கிராமர் பள்ளிகள் (தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள்) நடத்தும் லெவன் பிளஸ் தனி நுழைவுத் தேர்வு, தேசியப் பாடத்திட்டத்தில் சேராது.

கேள்வி: ஜி.சி.எஸ்.இ. (இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) கணக்கில் மகளை 'ஃபவுண்டேஷன்' தாளுக்குப் போடுகிறார்கள். சம்மதிக்கலாமா?
*மில்டன் கீன்ஸ் வாசகர்*

அந்தத் தாளில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 9-க்கு 5-தான் உச்சம். ஏ லெவலில் (அதற்கடுத்த இரண்டாண்டுப் படிப்பு) கணக்கோ இயற்பியலோ எடுக்க நினைத்தால், கடினமான 'ஹையர்' தாள் தேவைப்படும். ஆனால் 4 என்ற தேர்ச்சியே ஐயமாக இருக்கும் பிள்ளைக்கு ஃபவுண்டேஷன்தான் பாதுகாப்பு. இயர் 11 மாதிரித் தேர்வின் தாளைக் கேட்டு வாங்கி, எங்கே மதிப்பெண் போனது என்று ஆசிரியருடன் உட்கார்ந்து பாருங்கள். தேர்வு வாரியத்துக்குப் பெயர் போகுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.